எலேனாவுக்குப் பிடித்த புத்தகம்

கச்சிராயபாளையத்தை விட்டு நகராமலே உலகப் புகழ் பெற்றுவிடுவது என்று கொளஞ்சியப்பன் சார் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. கைபேசியில் மெயில் வந்து விழுந்தது. சார் படித்தார். திரும்பவும் படித்தார். இட்லி ஆறிப்போனது.

சார் தனியார் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியர். கல்வராயன் மலையில் சாமை விளைவதையும் விற்பதையும் ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்த ஆராய்ச்சி பீரோ மேல் கறுப்பு அட்டை போட்டுக்கொண்டு வருஷக்கணக்காகத் தூங்குகிறது. அதைக் கல்யாணமான புதிதில் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தவள் அவர் மனைவி கண்ணகி. அவளும் எம்.ஏ. படித்தவள்தான். இப்போது நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு மாடி ரூமில் சாமை முறுக்கு சுட்டு, கள்ளக்குறிச்சிக் கடைகளுக்கெல்லாம் போடுகிறாள். சார் சாமையை எழுதினார், கண்ணகி சாமையை விற்றாள்.

"கண்ணகி, இங்க வா. யாரு எழுதியிருக்காங்கன்னு பாரு."

"கையெல்லாம் மாவு. நீங்களே படிங்க."

"எலேனா."

மாவுக் கை நின்றது. "யாரு எலேனா?"

"எடிட்டரு. ஐரோப்பால இருக்குற பதிப்பகம். என் ஆராய்ச்சியப் படிச்சிட்டு அசந்துட்டாங்களாம். புஸ்தகமா போடறாங்களாம். அதுவும் சும்மா. ஒத்தப் பைசா வாங்க மாட்டாங்களாம்."

"அதுல சாமைன்னு எங்கனா போட்டிருக்காங்களா?"

சார் மெயிலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். "இல்ல."

"கல்வராயன் மலைன்னு?"

"'உங்கள் மதிப்புமிக்க ஆய்வு'ன்னு போட்டிருக்காங்க. அதுல எல்லாம் அடங்கிப்போச்சி."

"அடங்கலங்க. படிக்கவே இல்ல. இதே மெயில ஊர் உலகத்துல இருக்குற டாக்டருக்கெல்லாம் அனுப்பிக்கினு இருப்பாங்க."

"பொறாமை," என்றார் சார். "வெள்ளக்காரி ஒருத்தி என்னப் பாராட்டிட்டா, உனக்கு வயிறு எரியுது."

கண்ணகி மாவுக் கையைத் துடைத்துக்கொண்டாள். முறுக்கு அச்சை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

அந்த மாடி ரூமில்தான் சாருக்கு வெகு நாளாகவே ஒரு கண். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். காற்று வரும். ஒரு மேஜை, ஒரு சாய்வு நாற்காலி, நாலு அலமாரி போட்டால் எழுத்தாளர் அறை. ஆனால் இருப்பது என்னவோ மாவு டின்னும், எண்ணெய்ச் சட்டியும், பாக்கெட் ஒட்டும் மிஷினும். சாருக்கு வாய்த்தது கூடத்தில் டி.வி. பக்கத்து மூலை. அங்கே உட்கார்ந்து எந்தப் பேராசிரியரால் சிந்திக்க முடியும்? சீரியலில் யாராவது அழுதுகொண்டே இருந்தார்கள்.

ஆகவே திட்டம் இப்படிப் போட்டார். புத்தகம் வரும். விழா நடக்கும். ஊரே கைதட்டும். அந்தச் சூட்டோடு ரூமைப் பிடித்துவிட வேண்டும். உலக எழுத்தாளரைப் பார்த்து, கூடத்தில் உட்காருங்கள் என்று எந்தப் பெண்டாட்டி சொல்லுவாள்?

ஒப்பந்தம் வந்தது. நீளமாக இருந்தது. சார் கடைசிப் பக்கத்துக்குப் போய் 'சம்மதம்' என்பதை அமுக்கினார்.

"கீழ பொடி எழுத்துல ஏதோ போட்டிருக்கே, படிச்சீங்களா?" என்றாள் கண்ணகி.

"பொடி எழுத்துல முக்கியமான சங்கதிய எவன் போடுவான்? நீ போய் மாவப் பிசையற வேலையப் பாரு."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் பயந்துதான் போனார். கண்ணகி கோபப்படவில்லை. "அந்த எலேனாவோட மெயில் விலாசத்த எனக்கும் அனுப்புங்க," என்றாள், அவ்வளவுதான். பெண்டாட்டிக்கும் இலக்கிய ருசி வந்துவிட்டது என்று சாருக்கு ஒரே பெருமை. அனுப்பி வைத்தார்.

கொஞ்ச நாளில் புத்தகத்தின் படம் அந்தப் பதிப்பகத்தின் இணையக் கடையில் வந்துவிட்டது. சார் பெயர், சாமை ஆராய்ச்சி, எல்லாம் சரி. அட்டையில் மட்டும் பனி மூடிய மலை.

"கல்வராயன் மலைல எப்பங்க பனிக்கட்டி பேஞ்சிது?" என்று கேட்டாள் கண்ணகி.

"மலைன்னு எழுதியிருக்கோம், மலையப் போட்டுட்டாங்க. குத்தம் கண்டுபிடிக்கிறதே உனக்கு வேலை."

விலையைப் பார்த்தபோது அவருக்கே மூச்சு வாங்கியது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல கடேரிக் கன்று வாங்கலாம். ஆனாலும் விலை ஜாஸ்தி என்றால் மதிப்பும் ஜாஸ்திதானே என்று தேற்றிக்கொண்டார். நாள் குறித்தார். மண்டபம் பிடித்தார். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃபிளெக்ஸ் வைத்தார், பட்டமளிப்புத் தொப்பியோடு. வெளியிடுபவர் கல்லூரி முதல்வர் ஜெயப்பிரகாஷ். முதல் பிரதி பெறுபவர் கண்ணகியின் அண்ணன் வீரமுத்து.

வீரமுத்துவைக் கூப்பிட்டதற்கும் காரணம் இருந்தது. வடக்கனந்தலில் கரும்பு போட்டு, ஆலை வைத்து வெல்லம் காய்ச்சி விற்கிறவர். எந்த விசேஷத்தில் பார்த்தாலும், "மாப்ள, சாமையப் பத்தி அம்மாம் பக்கம் எழுதினீங்களே, ஒரு மூட்ட வெளைய வச்சிருக்கீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்பார். சாருக்கு அது உடம்பெல்லாம் எரியும். அந்த வாய் மேடையில் மூடவேண்டும். கண்ணகியையும் கூட்டிக்கொண்டு பத்திரிகை வைக்கப் போன இடத்தில் சார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தார்.

"மச்சான், விழா முடிஞ்ச அன்னிக்கே மாடி ரூமு புஸ்தகம் போட்டவங்களுக்கு. முறுக்கெல்லாம் கூடத்துக்கு எறங்கிடும். உங்க தங்கச்சிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"இன்னாம்மா, சம்மதமா?" என்றார் வீரமுத்து.

"புஸ்தகம் போட்டவங்களுக்குக் குடுக்கறது நாயந்தானே அண்ணா," என்றாள் கண்ணகி.

இவ்வளவு லேசாக ஒத்துக்கொண்டாளே என்று சார் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிறவருக்கு இதெல்லாம் எங்கே தோன்றும்?

இனி புத்தகக் கட்டு வரவேண்டியதுதான் பாக்கி. நம் ஊரில் புத்தக வெளியீடு என்றால் பதிப்பகத்தார் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து மண்டப வாசலில் மேஜை போட்டு அடுக்குவார்கள். சார் அதையே எதிர்பார்த்தார். வாசலில் கூரியர் வண்டிச் சத்தம் கேட்டால் ஓடினார். ஒரு தடவை தட்டையாக ஒரு பார்சல் வந்தது. கண்ணகி பெயருக்கு. "உன் மிஷினுக்குச் சாமான் வந்திருக்கு," என்று அவள் கையில் போட்டுவிட்டு மறுபடியும் தெருவைப் பார்த்து நின்றார்.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் பொறுக்க முடியாமல் எலேனாவுக்கு எழுதினார். பதில் உடனே வந்தது. வாசித்தவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இன்னாங்க ஆச்சி?"

"புஸ்தகமே இல்லியாம் கண்ணகி."

"இல்லன்னா?"

"அச்சடிக்கவே இல்லியாம். யாருனா காசு கட்டி ஆர்டர் போட்டா, ஒண்ணே ஒண்ணு அடிச்சி அனுப்புவாங்களாம். இதுவரைக்கும் யாரும் போடல. அதனால உலகத்துலயே என் புஸ்தகம் ஒண்ணுகூடக் கெடையாது."

"அதான் அந்தப் பொடி எழுத்துல போட்டிருந்திச்சி."

சாருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஃபிளெக்ஸ் வைத்தாகிவிட்டது. கேசரிக்குச் சொல்லியாகிவிட்டது. முதல்வர் புதுச் சட்டை எடுத்திருப்பதாகக் கேள்வி. வீரமுத்து வெறுங்கையோடு மேடையில் நின்றால் கதை வடக்கனந்தல் முழுக்க நாறும்.

"ஏங்க, அழாதீங்க. இன்னா பண்ணலாம்னு சொல்லுங்க," என்றாள் கண்ணகி. அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

சார் மூளை வேலை செய்தது. மேடையில் புத்தகத்தை எப்போதுமே வண்ணக் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டித்தானே கொடுப்பார்கள்? "உள்ள ஏதோ ஒரு புஸ்தகத்த வச்சி சுத்திக் குடு. முடிச்ச நல்லா இறுக்கிப் போடு. பிரிக்காமயே கைமாத்தி, போட்டோ எடுத்துட்டு எறங்கிடலாம். பிரின்சிபால்கிட்ட நான் பேசிக்கிறேன்."

"எந்தப் புஸ்தகமா இருந்தாலும் பரவால்லியா?"

"எதுவா இருந்தா இன்னா, அட்டை கெட்டியா இருந்தா சரி."

"சரிங்க," என்றாள் கண்ணகி.

மறுநாள் மண்டபம் நிறைந்துவிட்டது. முறுக்குப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல்வர் பேசினார். ரிப்பன் கட்டிய பொட்டலத்தை உயர்த்தினார். கைதட்டல். வீரமுத்துவிடம் நீட்டினார். போட்டோக்காரர் மூன்று பக்கமும் எடுத்தார். சாருக்கு உயிர் திரும்பி வந்தது. அத்தோடு இறங்கியிருந்தால் எல்லாம் சுபம்.

வீரமுத்து இறங்கவில்லை. பொட்டலத்தைக் கையில் எடை பார்த்தார். ஆலையில் வெல்லம் நிறுத்து விற்கிற கை அது.

"மாப்ள, கோவிச்சிக்காதீங்க. சரக்கப் பிரிச்சிப் பாக்காம வாங்கறது எங்க பரம்பரைல கெடையாது," என்று மைக்கிலேயே சொன்னார்.

"வெளிநாட்டு முறைப்படி பிரிக்கக் கூடாது மச்சான்," என்று சார் ஓடி வருவதற்குள் முடிச்சு அறுந்தது. கரும்பு வெட்டுகிறவருக்கு ரிப்பன் எந்த மூலைக்கு?

வீரமுத்து அட்டையைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். முன்வரிசையில் தங்கையைப் பார்த்தார். பிறகு கணீரென்று வாசித்தார்.

"'படித்த கணவரின் வீட்டு நடத்தை: கச்சிராயபாளையத்தில் ஒரு கள ஆய்வு.' எழுதினவங்க, கண்ணகி கொளஞ்சியப்பன்."

முறுக்குப் பெண்கள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அட்டையில் ஒரு வெள்ளைக்காரர் கோட்டு சூட்டோடு சோபாவில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

"உள்ள ஒரு பக்கம் படிக்கிறேன்," என்றார் வீரமுத்து, நல்ல மனிதர். "'ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நபர், குடித்த காபி டம்ளரைத் தானாகக் கழுவியதற்கு இதுவரை சான்று ஏதும் கிடைக்கவில்லை. தண்ணி மோட்டார் போடச் சொன்னால் அவருக்கு இருமல் வருகிறது. வேலையை வேறொருவர் செய்து முடித்ததும் இருமல் தானாகக் குணமாகிறது. இது மருத்துவத் துறையின் கவனத்துக்கு உரியது.'"

முதலில் சிரித்தது முதல்வரின் மனைவி. பிறகு மண்டபமே சிரித்தது. முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்து, கல்லூரி நூலகத்துக்கு இந்த நூல் கட்டாயம் வாங்கப்படும் என்று அறிவித்தார். கண்ணகிக்குப் பொன்னாடை போட்டார்கள். பொன்னாடை ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள். வாங்கியவர் கொளஞ்சியப்பன் சார்.

வீட்டுக்கு வந்ததும் சார் வெடித்தார். "இப்படி மானத்த வாங்கிட்டியே."

"நானா பிரிச்சேன்? கெட்டி அட்டை வேணும்னீங்க. கைக்கு மொதல்ல கெடச்ச கெட்டி அட்டை அதான்."

"எப்படி வந்திச்சி அது?"

"எலேனா படிக்கிறாளான்னு பாக்கத்தாங்க எழுதி அனுப்பினேன். உங்களுக்கு வந்த அதே மெயிலு, வார்த்த மாறாம வந்திச்சி. பேரு மட்டும் வேற. உங்க ஆராய்ச்சி இங்கிலீஷ்ல இருந்திச்சி, நான் தமிழ்ல அனுப்பினேன். அத்தகூடக் கண்டுபுடிக்கல. பொடி எழுத்தப் படிச்சதால ஒரு பிரதிக்கு ஆர்டர் போட்டேன். உங்ககிட்ட காட்டி, ஏமாந்துடாதீங்கன்னு சொல்லத்தான் வச்சிருந்தேன்."

"என்னப் பத்தியா எழுதணும்?"

"வேற யார நான் இத்தினி வருஷமா ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கேன்?"

 வீரமுத்து முன்னிலையில் பேசியபடியே மாடி ரூம் புத்தகம் போட்டவருக்குப் போனது. சாருக்கு டி.வி. பக்கத்து மூலை. சீரியலில் அன்றைக்கும் யாரோ அழுதார்கள். சார் கூடவே கொஞ்சம் அழுதார்.

சில மாதங்கள் போயின. கண்ணகியின் புத்தகத்தைக் கல்லூரி நூலகம் வாங்கியது. முதல்வரின் மனைவி சொல்லி இன்னும் இரண்டொரு கல்லூரியும் வாங்கின. சார் அந்தப் பேச்சே எடுப்பதில்லை. ஒரு நாள் அவர் கைபேசி சிணுங்கியது. எலேனாதான். அவர் புத்தகம் ஒரு பிரதி விற்றிருக்கிறதாம்.

சார் கூடத்திலிருந்து மாடிக்கு ஒரே ஓட்டமாக ஓடினார்.

"கண்ணகி, வித்துடிச்சி. என் புஸ்தகம் வித்துடிச்சி. ஜெர்மனில ஏதோ யுனிவர்சிட்டியா இருக்கும். இப்ப நானும் எழுத்தாளன்தான். ரூமுல பாதி எனக்கு."

கண்ணகி முறுக்கைத் திருப்பிப் போட்டாள். "வாங்குனது யாருன்னு தெரிஞ்சிக்கினு பேசலாங்க."

சார் காத்திருக்கவில்லை. கல்லூரியில் சொன்னார், டீக்கடையில் சொன்னார், வடக்கனந்தலுக்கே போன் போட்டு வீரமுத்துவிடம் ஜெர்மனி என்று சொன்னார். மேஜைக்கு ஆசாரியிடம் அளவும் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் கூரியர் வந்தது. பார்சலைப் பிரித்தால் பனி மூடிய மலை. தன் பெயர் அச்சில். சார் அட்டையை வேட்டியால் துடைத்தார். வாசனை பிடித்தார். பக்கம் பக்கமாகத் தடவினார். இத்தனை வருஷத்து ஆசை, கையில் கனமாக இருந்தது. 

"இது எப்படி நம்ம வூட்டுக்கு வந்திச்சி? வாங்குனவங்களுக்குத்தானே போவணும்?"

"வாங்குனவங்களுக்குத்தாங்க வந்திருக்கு," என்று கண்ணகி ஒரு பேனாவை நீட்டினாள். "என் புஸ்தகம் வித்ததுக்கு ராயல்டி காசா தர மாட்டாங்களாம். அவங்க கடையிலயே புஸ்தகம் வாங்கிக்கச் சொல்லி எனக்கு ஒரு கூப்பன் அனுப்பினாங்க. அது பத்தல. மீதிக்கு முறுக்குக் காசப் போட்டேன். நீங்க இத்தக் கையில புடிச்சிப் பாக்கணும்னு ஆசையா இருந்திச்சி. கையெழுத்துப் போடுங்க."

சார் கையெழுத்துப் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையோடு மெல்ல ஆரம்பித்தார்.

"வித்ததுன்னா வித்ததுதானே? அப்ப ரூமுல பாதி?"

கண்ணகி புத்தகத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு மாடிப்படியில் கால் வைத்தாள்.

"டைப் அடிச்சப்ப எழுத்தத்தான் பாத்தேன், மொதல்ல நான் முழுசா படிக்கறேங்க. தேறிச்சின்னா பேசலாம்."