'வீடு' என்று எழுதக் கூடாத அழைப்பிதழ்

ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் ஊர் வழக்கப்படி, கல்யாணம் என்றால் அது நகராட்சி மன்றத்துக்குள் நடக்க வேண்டும். வெளியே நடந்தால் அது வெறும் சந்தோஷம்.

வீபேயின் மனைவி ஃபோக்கே இடுப்பெலும்பு முறிந்து, முன்னறை ஜன்னலோரம் கட்டிலில் கிடந்தாள். மகள் ஹிஸ்கேயின் கல்யாணத்தை அவள் படுத்தபடியே பார்க்க வேண்டும். அதற்காக, வீட்டிலேயே நடத்திக்கொள்ள மனுப் போட்டார் வீபே. நகராட்சி கருணை கூர்ந்தது. சனிக்கிழமை ஒருநாள் மட்டும் அவருடைய முன்னறை நகராட்சி மன்றமாகக் கருதப்படும். அழைப்பிதழ் வாசகத்துக்கு மட்டும் முன் ஒப்புதல் பெற வேண்டும்.

வீபே எழுதியது இவ்வளவுதான்: 'எங்கள் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.'

அதிகாரி ஸ்லாகர் அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"'எங்கள் வீடு'ன்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கு அது உங்க வீடு இல்லையே?"

"கட்டின நாள்லேருந்து நான்தாம்மா அங்க குடியிருக்கேன்."

"சனிக்கிழமை குடியிருக்க மாட்டீங்க. வருகை தருவீங்க."

'வீடு' போயிற்று. அடுத்து 'வாருங்கள்' போயிற்று. மன்றத்துக்கு வர எல்லாக் குடிமக்களுக்கும் உரிமை உண்டு. உரிமை உள்ளவரை அழைப்பது அவரை அவமதிப்பதாகும்.

"வாசல் கதவு திறந்தே இருக்கணும். மன்னர் படம் மாட்டணும். கட்டில் கூடாது. மன்றத்துல யாரும் தூங்கக் கூடாது."

"மத்தியான நேரத்துல நான் உங்க ஆபீசுக்கு வந்திருக்கேம்மா."

"அது நாற்காலியில."

"அவளுக்காகத்தானே வீட்டுலயே வெச்சேன்!"

"அடுக்களைக்கு நீங்க மனுப் போடலையே. அங்க படுக்க வையுங்க. அது அன்னிக்கும் உங்க வீடுதான்."

அச்சாகி வந்த அழைப்பிதழ் இது: 'சனிக்கிழமையன்று, அன்று மட்டும் மன்றமாகக் கருதப்படும் கட்டடத்தில், ஒரு பதிவு நடைபெறும். வருகைக்குத் தடையில்லை.'

அதிகாரிகளை மட்டும் சொல்வானேன்? எங்கள் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கல்யாணங்களில் பகல் விருந்தாளி, இரவு விருந்தாளி என்று இரண்டு ஜாதி. பகலாருக்குக் கல்யாணம், கேக், சாப்பாடு. இரவாருக்கு எட்டு மணிக்குமேல் ஒரு கிளாஸ் பீர், ஒரு கைப்பிடி கடலை. யார் எது என்று அழைப்பிதழில் இருக்கும், ஆயுசுக்கும் மறக்காது. இதில் அது இல்லை. தடையில்லை என்றால் தடையில்லைதானே? இரவுக்கு மட்டுமே லாயக்கான நாங்கள் அத்தனை பேரும் காலையிலேயே போய் முன்னறையை நிரப்பினோம். அடுக்களை வாசலை எங்கள் முதுகுகள் அடைத்துக்கொண்டன.

"ஒண்ணும் தெரியலை, கொஞ்சம் நகருங்களேன்!" என்று உள்ளேயிருந்து கத்தினாள் ஃபோக்கே.

"மன்றத்துக்கு வெளியேயிருந்து குறுக்கிடக் கூடாது," என்றார் ஸ்லாகர் அம்மையார். நாங்களும் நகரவில்லை. உரிமை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஹிஸ்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு 'சம்மதம்' என்றாள். மாப்பிள்ளை யெல்மரும் சொன்னான். கையெழுத்தாயிற்று. கேக் அடுக்களையில் இருந்தது. ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். முதல் ஆள் ஸ்லாகர் அம்மையார்.

"நில்லுங்க," என்றாள் ஃபோக்கே, கட்டிலிலிருந்தே. "இது என் வீடு. அழைப்பு இருக்கா?"

அம்மையார் அழைப்பிதழை நீட்டினார். ஃபோக்கே நிதானமாகப் படித்தாள்.

"இதுல என் வீட்டுக்கு வரச்சொல்லி ஒரு வார்த்தைகூட இல்லையே, அம்மணி?"

"அது... வாசகத்தை நாங்கதான்..."

"நல்ல வாசகம். ஹிஸ்கே, யெல்மர், உள்ள வாங்க. வீபே, கதவைச் சாத்து."

கதவு சாத்தப்பட்டது. உள்ளே மறுபடி ஒரு 'சம்மதம்' கேட்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் நால்வரின் சிரிப்பு, கேக்கில் கத்தி இறங்கும் சத்தம்.

"சட்டப்படி அது செல்லாது," என்றார் ஸ்லாகர் அம்மையார்.

செல்லாதுதான் என்று, காலித் தட்டும் கையுமாக நாங்கள் தலையாட்டினோம். சுவரிலிருந்து மன்னர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.