யோகேஸ்வரியின் மெமரி டெஸ்டும் ஒரு வாளி மணலும்

சிவகாசி

மரியாதைக்குரிய அத்தான் நவநீதகிருஷ்ணன் அவர்களுக்கு, ஜெயச்சந்திரன் வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் வீட்டுக்காரி கற்பகவல்லியும் சுகம். அக்காவின் முட்டுவலி தேவலையா? என் மகள், உங்கள் மருமகள் யோகேஸ்வரியும் சுகந்தான். ஆனால் என்னோடு பேசுவதில்லை. அதற்காகவே இக்கடிதம்.

அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். போகிறாளா இல்லையா என்று வாய் திறக்காமல், நம் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைக்கும் கம்ப்யூட்டரைப் பிரித்துப் புது மெமரி மாட்டினாள். பிள்ளை இங்கனயே இருந்துக்கிடும்னு நானும் சந்தோஷப்பட்டேன். மாட்டியதோடு விட்டாளா? மெமரி கம்பெனி சொன்ன வேகம் போதாதென்று, அது ஓடும் டைமிங்கை இறுக்கினாள். மிஷின் பறந்தது. பிறகு நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனிக்காரர் தனுஷ்கோடி, மாதிரிக்கு அடித்த லேபிளைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மயிலுக்குக் கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கமால்ல கெடக்கு?" என்றார்.

"அவசரத்துல மெமரி தப்பாப் படிச்சிருக்குப்பா. டைமிங்கத் தளர்த்தி டெஸ்ட் போடுறேன். எழுதுனத அப்படியே திருப்பிச் சொல்லுதான்னு பாக்கும். செகப்பு வரி வந்தா தப்பு. முடியிற வரைக்கும் தொட்றாதீக" என்று என்னைக் காவல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகடு திறந்து கிடந்தது. கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று கருகல் வாசம். நம்ம ஊர்ல கருகல் வாசம் வந்தா நின்னு யோசிக்கிற ஆளு உண்டுமா அத்தான்? மெயினை அணைச்சேன், தீயணைக்க வாசல்ல தொங்கின மணல் வாளியத் தூக்கி அப்படியே உள்ள கவுத்திட்டேன். பின்கட்டில் கற்பகவல்லி வறுத்த வத்தல்தான் கருகியது என்பது பிறகே தெரிந்தது.

ஈரத் தலையோடு ஓடிவந்தவள், "என்னப்பா செஞ்சீக!" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பெட்டியை மடியில் சாய்த்து, பிரஷ்ஷால் மணலைத் தட்ட உட்கார்ந்துவிட்டாள். அதிலிருந்து பேச்சில்லை. கோபத்தில் பெங்களூருக்குக் கிளம்பிவிடுவாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள் சொன்னால் கேட்பாள். வந்து, எங்கயும் போக வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லணும்.

பத்திரகாளியம்மன் உங்கள் வீட்டையும் எங்கள் மிஷினையும் காப்பாளாக.

பணிவுடன்,
ஜெயச்சந்திரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது யோகேஸ்வரி வந்து கூப்பிட்டாள். மணலைத் தட்டி மறுபடி ஓட்டிய டெஸ்ட் ஒரு தப்புக்கூட இல்லாமல் முடிந்திருந்தது. "இனி நான் இல்லாட்டாலும் நிக்காம ஓடும்ப்பா. இத முடிக்காம உங்கள விட்டுட்டுப் போக மனசில்ல. அதான் பெங்களூருக்குப் பதில் சொல்லாம இருந்தேன்" என்றாள். போயிட்டு வா தாயி என்றுதான் எனக்குச் சொல்ல வந்தது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் படிக்காததுபோல் விட்டுவிடுங்கள். ஆனால் கட்டாயம் வாங்க அத்தான். ரயில் கிளம்பும்போது என்னால் தனியாக நிற்க முடியாது.