நன்றியுரைக்கு ஆள் தேடிய சட்டர் அண்ணை

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் ஒரு காரியத்தைத் தொடங்கிவைக்க ஆயிரம் பேர் இருந்தார்கள். முடித்துவைக்கத் தெரிந்தவர் சட்டர் அண்ணை ஒருவர்தான்.

அவருடைய சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. மரக்கறிக் கடையொன்றில் மாலை வேலை. வாசலில் பரப்பிய முருங்கைக்காய்ப் பெட்டிகளை உள்ளே இழுத்து, கடைசி ஆளை மரியாதையாக வெளியே தள்ளி, சட்டரை இறக்கிப் பூட்டுவார். "ஒரு கட்டு வல்லாரை மட்டும் அண்ணை" என்று குனிந்து நுழையப் பார்த்த பலர் முதுகைத் தடவிக்கொண்டு வீடு போயிருக்கிறார்கள்.

கனடாவில் இருந்த அவருடைய மருமக்கள் கைத்தொலைபேசியில் பேஸ்பால் விளையாட்டு ஒன்று வைத்திருந்தார்கள். ஆளாளுக்கு ஒரு கற்பனை அணி கட்டி, நிஜ வீரர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி எண்ணுவது. ஓர் ஆண்டு ஆள் குறைந்தது. "பேருக்கு நில்லுங்கோ மாமா" என்று அவரையும் சேர்த்துவிட்டார்கள். அண்ணை பேஸ்பால் மட்டையைக் கண்ணால் கூடக் கண்டதில்லை. ஆனால் விதிகளை வாசித்தவர், அதற்குள் தன்னைப் போலவே ஒருவன் இருப்பதைக் கண்டுபிடித்து, கடைக்குப் போன எனக்கும் காட்டினார்.

"தம்பி, இஞ்சை பார். உவன் ஆட்டம் முழுக்க மூலையிலை குந்தியிருந்து விதை கொறிக்கிறான். உவன்ரை அணி கொஞ்சம் முன்னுக்கு நிக்கேக்கை, கடைசியிலை கூப்பிடுறாங்கள். வாறான், பந்தெறிஞ்சு மூண்டு பேரை வீட்டை அனுப்புறான், ஆட்டம் முடிஞ்சுது. அதுக்குப் பேர் சேவ்."

"அப்ப சட்டர் இழுக்கிற வேலை எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றேன்.

"ஓம். ஆனா அவனுக்குக் கைதட்டுறாங்கள்."

அன்றிலிருந்து அவர் அணியில் கடைசிப் பந்து எறிகிறவர்கள் மட்டுமே குவிந்தார்கள். அடிப்பதற்கு ஆளில்லை. மொத்தப் புள்ளியில் ஆண்டுதோறும் கடைசி இடம், சேவில் மட்டும் முதலிடம். சிரித்த மருமக்களே கோடையில் "ஒராளைத் தாங்கோ மாமா" என்று கெஞ்சி வந்தார்கள். "கடை பூட்டியாச்சு" என்று பதில் போட்டார்.

எறிகிறவரைத் தேர்வதில் அவருக்கென்று ஒரு சூத்திரம் இருந்தது. "வேகத்தைப் பார்த்து மயங்காதை. பந்தை ஆரை நம்பிக் குடுக்கிறாங்கள் எண்டு பார். எதிராளியைச் சும்மா ஓடவிடுறவனை எடுக்காதை. பெரிசாய் வெல்லுற அணியிலை சேவ் கிடையாது, மயிரிழையிலை வெல்லுற அணியிலை தேடு." அதே அளவுகோலால் தெருவையும் அளந்தார். என் முடிவெட்டுக்காரரைப் பற்றி, "தொடக்கம் நல்லாத்தான் வெட்டுவான். கிருதாவிலை ஆட்டத்தை விட்டுடுவான்" என்றார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். விட்டுத்தான் இருந்தான்.

அப்போது நான் எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் செயலாளர். ஆண்டுவிழா லெ பிளாங்-மெனில் புறநகரில் ஒரு மண்டபத்தில். முந்திய இரு விழாக்களும் நன்றியுரையில் நேரம் கடந்துபோயிருந்தன. இந்த முறை எட்டு மணிக்குக் கதவு பூட்டாவிட்டால் இனி மண்டபம் இல்லை என்று காவலாளி என் மூக்குக்கு முன்னால் சாவிக்கொத்தை ஆட்டிச் சொல்லிவிட்டார். வேறு மண்டபங்கள் எங்களை ஏற்கெனவே அறிந்திருந்தன. இதுவும் போனால் விழாவே இல்லை, பிள்ளைகளுக்கு ஆட மேடையும் இல்லை. எனக்கு நித்திரை போனது.

மரக்கறி வாங்கப்போன இடத்தில் புலம்பினேன். அண்ணை பெட்டிமேல் உட்கார்ந்தார். "நன்றியுரைக்கு ஆர்?"

"வழமை போலை எங்களுக்குப் படிப்பிச்ச மாஸ்டர்தான்."

"கை பலம், கட்டுப்பாடு இல்லை. கண்ட ஆளுக்கெல்லாம் சும்மா நன்றி விடுவார். வேறை?"

"டொக்டர்."

"தமிழிலை சொல்லிப்போட்டு அதையே பிரெஞ்சிலையும் சொல்லுவார். ஒரு ஆட்டத்தை ரெண்டு தரம் ஆடேலாது." கொஞ்சம் யோசித்தார். "பூமணியைப் போடு."

பூமணி அக்கா எங்கள் பொருளாளர். மேடையேறாதவர். "ஏன் அவ?"

"அவ இருக்கிறது அங்காலை ஸ்தேன் ஊரிலை. மண்டப வாசலிலை எட்டு மணிக்கு பஸ். அதை விட்டா ஞாயிற்றுக்கிழமையிலை மற்றது லேசிலை வராது. பஸ் பிடிக்கவேண்டிய ஆள்தான் முடிப்பா."

இதைவிடச் சரியான தேர்வை நான் கண்டதில்லை. விழா அன்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. எட்டு மணிக்குக் கால்மணி நேரம் இருக்கும்போது திரைமறைவில் பூமணி அக்கா தோளில் கைப்பையோடு மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து வியர்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாகிவிட்டது.

"பதறாதேங்கோ அக்கா. நான் காரிலை கொண்டுபோய் விடுறன்."

அவர் முகம் மலர்ந்தது. கைப்பையைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு மேடைக்குப் போனார். கடைசி வரிசையில் இருந்த சட்டர் அண்ணை எழுந்து நின்றதை நான் பார்த்தேன்.

அக்கா நிதானமாக நன்றி சொன்னார். தேநீர் போட்டவர்களுக்கு, சீனி கொண்டுவந்தவருக்கு, சீனி போதாமல் போனபோது பொறுத்துக்கொண்டவர்களுக்கு. வாசலில் காவலாளி சாவிக்கொத்தோடு வந்து நின்றார். நான் கையால் சைகை காட்டினேன். அக்கா அதற்கும் நன்றி சொன்னார்.

அண்ணை என்னிடம் வந்தார். "ஆர் அந்தப் பையைக் கழட்ட வச்சது?"

"நான்தான். லிப்ட் தாறன் எண்டு..."

அண்ணை திரும்பி நடந்தார். வாழ்நாளில் முதல்முறையாக மேடையேறினார். அக்காவின் கையிலிருந்த மைக்குக்குக் குனிந்து, "வாசலிலை சாப்பிட றோல்ஸ் குடுக்கினம், முடியப்போகுது" என்றார்.

நூற்றுக்கணக்கான கதிரைகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. தலைவரும் ஓடினார். எட்டு மணிக்குக் காவலாளி கதவைச் சாத்த, மறுபக்கக் கதவை அண்ணையே பழக்கதோஷத்தில் இழுத்துவிட்டார். அடுத்த ஆண்டு சந்திப்போம் என்று காவலாளி பிரெஞ்சில் சொல்லி எங்கள் எல்லோருக்கும் கைகொடுத்தார்.

"அண்ணை, இது உங்கட சேவ்" என்றேன்.

"இல்லை. சேவ் பூமணிக்கு. பிழைதான் உன்ரை கணக்கிலை."

இருவரையும் காரில் ஏற்றினேன். அரைவாசியில் நின்ற நன்றியைப் பூமணி அக்கா ஸ்தேன் வரைக்கும் சொல்லி முடித்தார். பின்சீட்டில் இருந்த அண்ணைக்கு மட்டும் சொல்லவில்லை. கோபமோ, பெயர் தெரியாததோ, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

போன ஆண்டு அண்ணை மருமக்களிடம் கனடாவுக்கே போய்விட்டார். இந்த முறை விழா எட்டு மணியைத் தாண்டிவிட்டது. நாங்கள் வேறு மண்டபம் தேடுகிறோம்.

நன்றி, அண்ணை. இந்த இடத்தில் நிறுத்தினால்தான் உங்களுக்குப் பிடிக்கும். எனக்கு மனம் வரவில்லை, இன்னும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன்: நன்றி.