உட்கொண்ட உயிரினம்

நிர்வாகம் என்ற கலை தோன்றிய நாள் முதல் இன்றுவரை, தனக்கு ஒதுக்கப்பட்ட தவிட்டை ஒரு சிட்டிகைகூட மிச்சம் வைக்காமல் தீர்த்த அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். அது நான் தலைமை தாங்கும் உயிர்த்தீவனப் பிரிவு. இதை நானே சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் யாரும் இப்போது எங்கள் பிரிவில் இல்லை.

விலங்குப் பூங்காவின் பின்பக்கம், பறவைக் கூண்டுகளுக்கும் குப்பை வண்டி நிற்கும் இடத்துக்கும் நடுவே எங்கள் பிரிவு. ஒரே அறை. உள்ளே நுழைந்தால் மூக்குக் கண்ணாடியில் ஆவி படியும் அளவு வெக்கை. சுவரோரம் இரும்பு அடுக்குகளில் நாற்பது பிளாஸ்டிக் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் முட்டை அட்டைகளை நிறுத்திவைத்து, அவற்றின் குழிகளில் சுவர்க்கோழிகள். வீட்டில் இருட்டு மூலையில் உட்கார்ந்து கிர்ர் கிர்ர் என்று உயிரை வாங்குமே, அந்தப் பூச்சிதான். பறவைக் குஞ்சின் வாயில் தவிட்டைப் போட்டால் செரிக்காதாம்; தவிட்டைத் தின்ற பூச்சியைப் போட்டால் செரிக்குமாம். எதுவும் உரிய வழியாகத்தான் வந்துசேர வேண்டும் என்ற நிர்வாகக் கொள்கையைப் பறவைகளும் ஏற்றுக்கொண்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி அளித்தது.

இங்கே வருவதற்கு முன் பதினோரு வருடம் நான் எழுதுபொருள் கிடங்கில் இருந்தேன். பென்சிலிலும் குண்டூசியிலும் எனக்கிருந்த ஆழ்ந்த அனுபவத்தைக் கருத்தில் கொண்டு மேலிடம் என்னைப் பூச்சிகளுக்குக் கண்காணிப்பாளர் ஆக்கியது. முதல் நாளே களத்தில் இறங்கினேன். பெயரில் கோழி இருந்ததால், "நேத்து எத்தனை முட்டை?" என்று கேட்டேன். "ஒரு லட்சம் இருக்கும், எண்ணல" என்று பதில் வந்தது. எண்ணாததற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தேன்.

அதை வாங்கிக்கொண்டவன் என் மச்சினன். என் மனைவியின் தம்பி, நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகாமல் எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறான். அந்தப் பூச்சி அறையில் பத்தொன்பது வருடமாக ஒப்பந்தப் பணியாளன். அவன் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு எல்லா மேசைகளையும் சுற்றிவிட்டு என் மேசைக்கு வந்திருந்தது. என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வீட்டில் மனைவி தினமும் அதை நினைவூட்டினாள். உறவு வேறு, அலுவலகம் வேறு என்பதை அவனுக்கு உடனே தெளிவுபடுத்தினேன்.

"இங்க என்னை மாமான்னு கூப்பிடக் கூடாது."

"சரிங்க மாமா."

பிறகு தவிட்டுப் பதிவேட்டைப் பார்த்தேன். நல்ல தடித்த அட்டை. தேதி, வழங்கிய அளவு, பெற்றவர் என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் 'உட்கொண்ட உயிரினம்'. அதைக் காலியாக விடக் கூடாது என்று கீழே சிவப்பில் அச்சடித்திருந்தது. பத்தொன்பது வருடமும் மச்சினன் அதில் 'சுவர்க்கோழி, சுவர்க்கோழி' என்று கோணல் எழுத்தில் நிரப்பியிருந்தான். எல்லாம் ஒழுங்காக இருப்பதைக் கண்டு ஏமாற்றத்தோடு மூடப்போன நேரத்தில்தான் கதவுக்குப் பின்னால் அந்த ஒன்பது மூட்டைகளைப் பார்த்தேன். பிரிக்காத தவிட்டு மூட்டைகள்!

"ஒரு நாளைக்கு நாலு கிலோன்னு ஆணை இருக்கு. நீ எவ்வளவு போடுற?"

"தொட்டிக்கு ஒரு கைப்பிடி மாமா. பூச்சி அவ்வளவுதான் தின்னும். நேத்து போட்டது கிடந்தா இன்னைக்கு அதுவும் போட மாட்டேன்."

"தின்னுதா இல்லையாங்கறது பூச்சியோட பொறுப்பு. போடறது நம்ம பொறுப்பு."

"மிச்சம் கிடந்தா புழுங்கும் மாமா. புழுங்கினா அதத் தின்ன வேற ஆளு வந்துடுவான்."

"யாரு வருவான்?"

"இன்னும் வரல. வரவிடாம பாத்துக்கறதுதான் என் வேலை."

வராத ஒருவனைத் தடுப்பதற்காகப் பத்தொன்பது வருடம் ஒரு மனிதன் வேலை பார்த்திருக்கிறான் என்பது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. ஒருவன் வந்து, அவன் வருகை பதிவாகி, அதன் பிறகு தடுத்தால் அல்லவா அது பணி? மறுநாள் முதல் தினமும் நாலு கிலோ என் கண் முன்னால் தொட்டிகளில் கொட்டப்பட்டது. கொட்டும்போது மச்சினன் முகம் போன போக்கை இங்கே விவரிக்க விரும்பவில்லை. பூச்சிகள் தவிட்டுக்குள் முட்டியளவு புதைந்து நடந்தன. அந்த வளமையைப் பார்க்கவே கண் கொள்ளாது.

மூன்றாம் வாரம் அவன் ஒரு முட்டை அட்டையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தான். அட்டை மேல் உப்புத்தூள் தூவினாற்போல் ஏதோ படிந்திருந்தது.

"வந்துட்டான் மாமா. உண்ணி."

"இது தூள் மாதிரி இருக்கே."

"ஊதிப் பாருங்க."

ஊதினேன். தூள் பறக்கவில்லை. நடந்தது.

இது தனி ஒருவர் முடிவெடுக்கும் விஷயம் இல்லை என்பதால் உயர்மட்டக் குழுவைக் கூட்டினேன். கால்நடை டாக்டர், பராமரிப்புப் பொறியாளர், நான். கூட்ட அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததால் பூச்சி அறையிலேயே நாற்காலி போட்டு, தொட்டி மூடிகள் மேல் தேநீரும் பிஸ்கட்டும் வைத்தோம். டாக்டர் பூதக்கண்ணாடியை எடுத்து நெடுநேரம் பார்த்தார்.

"எட்டு கால் இருக்கு."

"எதுக்கு டாக்டர்?" என்றார் பொறியாளர்.

"இந்தத் தூசிக்கு."

"சார், அது உண்ணி" என்று மச்சினன் கதவோரம் நின்றபடியே குறுக்கிட்டான். "பூச்சி தோலு உரிக்கற நேரம் பாத்து மேல ஏறிக்குது. அப்ப அதுங்களால உதறக்கூட முடியாது."

டாக்டர் அவனைப் பரிவோடு பார்த்தார். "தம்பி, உண்ணின்னு நான் எழுதினா மருந்து அடிக்கணும். மருந்து அடிச்சா பூச்சியும் போயிடும். பூச்சி போனா நான் பதில் சொல்லணும். தூசின்னு எழுதினா துடைச்சா போதும். துடைக்கறது என் துறை இல்ல."

"தூசின்னா எனக்கு விட்டுடுங்க" என்று பொறியாளர் உற்சாகமானார். "தண்ணி தெளிச்சா அடங்கிடும். கூரையில தெளிப்பான் வெச்சுத் தரேன்."

"ஐயோ, ஈரம் பட்டா அது இன்னும் பெருகும் சார்!" என்றான் மச்சினன். "தவிட்ட நிறுத்துங்க. அறைய காய விடுங்க. உண்ணி ஏறாத பூச்சிய ஒவ்வொண்ணா பொறுக்கிப் புதுத் தொட்டியில விடறேன். தொட்டி நிக்கற மேசைக் காலுக்கு அடியில சோப்புத் தண்ணிக் கிண்ணம் வெச்சா உண்ணி ஏறாது. இருபது நாள் குடுங்க."

யோசனை எளிமையாக இருந்தது. செலவும் இல்லை. ஒரு குழு இல்லாமலே செய்துவிடக்கூடிய ஒன்றைக் குழுவின் தீர்மானமாக எழுதினால் குழு எதற்கு என்ற கேள்வி எழும். எனவே அது பரிசீலிக்கப்பட்டு, மறக்கப்பட்டது. நான்கு தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. தொட்டிகளில் காணப்படுவது 'நகரும் தன்மையுள்ள தூசி'. உண்ணி என எதுவும் இப்பிரிவில் இல்லை. தூசியை அடக்கத் தெளிப்பான் அமைக்கப்படும். பூச்சிகள் மெலிந்து காணப்படுவதால் தவிடு ஆறு கிலோவாக உயர்த்தப்படும்.

தீர்மானக் கோப்பை என் மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது கோப்பின் ஓரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு புறப்பட்டு மேசையின் மறுமுனைக்குப் போய்க்கொண்டிருந்தது. என் பணிக்காலத்தில் யாரும் தள்ளாமல் தானாக நகர்ந்த கோப்பு அது ஒன்றுதான். பூங்கா இயக்குநர் முழங்கையைச் சொறிந்துகொண்டே அதில் கையெழுத்திட்டார். "விஷயம் ஆழமா உள்ள இறங்கியிருக்கு" என்று பாராட்டவும் செய்தார்.

அதன் பிறகு எங்கள் பிரிவு கண்ட முன்னேற்றம் கொஞ்சநஞ்சமல்ல. முதலில் ஏழு தொட்டிகளில் சத்தம் நின்றது. பிறகு பதினெட்டில். பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் கணக்குப் பிரிவினர் பல வருடமாகச் சுவர்க்கோழிச் சத்தத்தால் வேலை ஓடவில்லை என்று புகார் எழுதிக்கொண்டிருந்தவர்கள். அவர்களே வந்து என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். வேலை இன்னும் ஓடவில்லையாம், ஆனால் நிம்மதியாக இருக்கிறதாம். தவிடோ, காலையில் கொட்டினால் மறுநாள் காலைக்குள் தொட்டி அடிவரை சுத்தம். ஒன்பது மூட்டைகளும் தீர்ந்து, புது மூட்டைகள் வந்தன. கடைசிக் கட்டத்தில் நானே 'சுவர்க்கோழி' என்று அழகாக எழுதினேன். மச்சினன் எழுத மறுத்துவிட்டான்.

இந்த நல்ல சூழ்நிலையைக் கெடுத்தவர் ஒருவர் உண்டு. பறவைக் கூண்டைக் கவனிப்பவர். தினமும் காலையில் காலி டப்பாவுடன் வந்து வாசலில் நிற்பார்.

"மூணு குஞ்சு சார். வாயத் தொறந்துட்டே இருக்கு."

"தூசி அடங்கட்டும்."

அடுத்த வாரம், "ரெண்டு குஞ்சு சார்" என்றார். அதற்கடுத்த வாரம் "ஒண்ணு" என்றார். தேவை குறைந்துகொண்டே வருவதை நான் குறித்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து கிர்ர் என்று சத்தம் கேட்டது. ஏறிப் போனேன். மச்சினன் கட்டில் ஓரமாக ஒரு மேசை. அதன் நான்கு கால்களும் சோப்புத் தண்ணிக் கிண்ணங்களில் நின்றன. மேலே இரண்டு தொட்டிகள், காய்ந்த முட்டை அட்டைகள், நடுவே ஒரே ஒரு கைப்பிடித் தவிடு. கருகருவென்று பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன. என் மனைவி தரையில் உட்கார்ந்து தவிட்டை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.

"பொறுக்கி எடுத்துட்டு வந்துட்டேன் மாமா" என்றான் மச்சினன். "இது மட்டும்தான் மிச்சம். இதுலேர்ந்து மறுபடி நாப்பது தொட்டியும் பண்ணிடலாம்."

"அந்த ஒத்தக் குஞ்சுக்கு தினம் ஒரு டப்பா போகுதுங்க" என்றாள் மனைவி. "கண்டுக்காதீங்க. அந்தக் கோப்புல ஒரு கையெழுத்து போடுங்க. உங்ககிட்ட வேற எதுவும் கேக்கல."

எனக்கும் மனசு இருக்கிறது. ஒரு முழு நாள் கண்டுகொள்ளாமல் இருந்தேன். ஆனால் திங்கட்கிழமை டாக்டரின் அறிக்கை வந்துவிட்டது. எங்கள் பிரிவு பதினாறு நாட்களாக ஒரு பூச்சியும் வழங்காத நிலையில், பறவைக் கூண்டில் ஒரு குஞ்சு அனுமதியின்றி உயிரோடு இருப்பதாக அவர் எழுதியிருந்தார். விசாரணை தவிர்க்க முடியாததாகிவிட்டது. விசாரணை அதிகாரியாக என்னையே நியமித்தார்கள்.

"அரசுச் சொத்தான சுவர்க்கோழிகளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனது உண்மையா?"

"உண்மை மாமா."

"காரணம்?"

"உயிரோட இருக்கட்டும்னுதான்."

குற்றத்தை அவனே ஒப்புக்கொண்டதால் விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்தது. நிரந்தரமாக்கக் கேட்டு வந்த அதே கோப்பிலேயே பணிநீக்க உத்தரவை எழுதிக் கையெழுத்திட்டேன். ஒரு கையெழுத்துத்தானே பாக்கி, அதுவும் தீர்ந்தது. போகும்போது அவன் வாசலில் திரும்பி நின்றான்.

"மாமா, அதுங்களுக்கு ஒரு கைப்பிடி போதும். சத்தியமா போதும்."

இரண்டு தொட்டிகளும் உரிய மரியாதையுடன் மீட்கப்பட்டு, தெளிப்பானுக்கு நேர் கீழே வைக்கப்பட்டன. ஆறு கிலோவையும் அவை இரண்டிலுமே கொட்டினேன். ஆணை ஆணைதான். அன்று இரவுச் சாப்பாட்டின்போது மனைவி தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "எனக்கு உங்களப் பாக்கவே வெக்கமா இருக்கு" என்றாள். அலுவலக விஷயத்தை வீட்டில் பேசுவதில்லை என்பது என் கொள்கை. தட்டைக் காலி செய்தேன்.

எட்டாம் நாள் அறை முழு அமைதி அடைந்தது. ஒன்பதாம் நாள் பறவைக்காரர் டப்பாவுடன் வருவதை நிறுத்திக்கொண்டார். புகார்கள் பூஜ்யம். 'நூறு சதவீதத் தீவனப் பயன்பாடு' என்று எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழை இயக்குநர் கையால் வாங்கினேன். வாங்கும்போது இருவருமே சொறிந்துகொண்டிருந்ததால் புகைப்படம் சற்றுக் கலங்கலாக விழுந்துவிட்டது.

நேற்று காலை கிடங்கு எழுத்தர் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், ஆறு கிலோ தினமும் போகுது. கடைசிக் கட்டம் மட்டும் நாலு நாளா காலியா இருக்கு. அப்படி விடக் கூடாதே."

"சுவர்க்கோழின்னு எழுதிக்குங்க."

"சுவர்க்கோழி இருப்பு இல்லைன்னு நீங்கதானே சார் வெள்ளிக்கிழமை கையெழுத்து போட்டீங்க."

"அப்ப தூசின்னு எழுதுங்க."

"உயிரினம்னு கேட்டிருக்கு சார். தூசி உயிரினம் இல்ல. உண்ணின்னு எழுதட்டுமா?"

"கூடாது! உண்ணி இல்லைன்னு தீர்மானமே இருக்கு."

எழுத்தர் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். நாற்பது தொட்டிகள். கூரையில் தெளிப்பான் சீறிக்கொண்டிருந்தது. வேறு அசைவு இல்லை.

"இந்தப் பிரிவுல உயிரோட இருக்கறது யாரோ, அவங்க பேரத்தான் சார் போட முடியும்."

நானும் ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். எழுத்தர் கிடங்கைச் சேர்ந்தவர். அவரைக் கணக்கில் எடுக்க முடியாது. மேலும் யோசித்துக்கொண்டிருந்தால் கட்டம் ஐந்தாம் நாளும் காலியாகப் போய்விடும். பேனாவைத் திறந்து, 'உட்கொண்ட உயிரினம்' என்பதற்கு நேரே, 'கண்காணிப்பாளர்' என்று தெளிவாக எழுதி, கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்தேன். முத்திரை கோணாமல் விழுந்தது.

எழுத்தர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"மூணு மாசத்துல இந்தக் கட்டத்துல இன்னைக்குத்தான் சார் உண்மைய எழுதியிருக்கீங்க" என்றார்.

மனம் திறந்து பாராட்டுபவர்கள் இந்தக் காலத்தில் குறைவு. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, முதுகைச் சொறிந்துகொண்டு, நாளைய ஆறு கிலோவுக்குக் கையெழுத்திட்டேன்.