கோவளத்தில் ஒரு அலறல்

பேஸ் கிடார் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஜாஸ், ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று பாடுகிறவர்களுக்குப் பின்னால் நின்று வாசித்தே சோறு தின்கிறவன் நான். கல்யாண ஆல்பங்களில் பாடகியின் முழங்கைக்குப் பின்னால் ஒரு காது மட்டும் தெரியும். அது என்னுடையது. ஸ்டார் ஹோட்டலில் ஞாயிறு மதிய விருந்து, பொத்தேரியில் காலேஜ் விழா, சர்ச்சில் கிறிஸ்துமஸ் ஆராதனை, யார் கூப்பிட்டாலும் போவேன். ஒரே ஒரு தடவைதான் மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது. ஏன் பார்த்தது என்று நினைத்தால் இன்றும் பல் கூசுகிறது.

அப்போது கிழக்குத் தாம்பரத்தில் டீச்சராக இருந்த பிரிசில்லாவைக் காதலித்துக்கொண்டிருந்தேன். அவள் அப்பா ஞானராஜ் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், ஜெபக்குழுத் தலைவர். என்னைப் பற்றி அவள் சொன்னதும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம்: "கிடார் வாசிக்கிறது சரிம்மா. வேலை என்ன பண்றார்?"

அவள் அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள், கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாள். "ஒரு தடவை வந்து பாருங்கப்பா. பிடிக்கலைன்னா அப்புறம் நான் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்." வாகாக அமைந்தது கோவளம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் கல்யாண ரிசப்ஷன். மாப்பிள்ளை ஜாஸ் பைத்தியம், அதனால் எங்கள் கச்சேரி. பெண் வீட்டார் ஞானராஜ் சாருக்கு உறவு, அதனால் அவருக்கு முன்வரிசை.

அன்று மத்தியானம் மழை கொட்டித் தீர்த்துவிட்டது. புல்வெளி முழுக்க சொதசொத. மேடை கார்ப்பெட்டை மிதித்தால் தண்ணீர் கசிந்தது. கிடாரை ஆம்ப்ளிஃபயரில் சொருகியதும் விரலில் லேசாகச் சுர்ரென்றது. சவுண்டு செட்காரரிடம் சொன்னேன்.

"அதெல்லாம் ஒண்ணியும் ஆவாது சார். சும்மா வாசி" என்றார்.

அதற்குள் எங்கள் குழுத் தலைவர் மோசஸ் அண்ணா கீபோர்டிலிருந்து குரல் கொடுத்தார். "சாம், கோரஸ் பாட ஆள் வரல. நீ நடுவுல 'ஊ' மட்டும் பாடு. உனக்கு ஒரு மைக் வச்சிருக்கேன்."

எனக்கே எனக்கென்று ஒரு மைக்! அதுவும் வருங்கால மாமனார் முன்னால்! சுர்ரென்றதெல்லாம் மறந்தே போயிற்று. (மூளை என்று ஒன்று அன்று என்னோடு கோவளம் வரவில்லை.)

எங்கள் பாடகி ஷெர்லி அக்கா கண்ணை மூடிக்கொண்டு உருகி உருகிப் பாடினார். என் முறை வந்தது. கம்பிகளைப் பிடித்தபடியே குனிந்தேன். உதடு மைக்கில் பட்டது.

யாரோ கடப்பாரையால் முன்பல்லில் அடித்தது போல இருந்தது. கிடாருக்கும் மைக்குக்கும் நடுவே நான் ஒயராகிப் போயிருந்தேன். கை கம்பியை விடவில்லை, உதடு மைக்கை விடவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு அலறல் கிளம்பியது. "ஆஆஆவ்வ்வ்!"

மாப்பிள்ளை எழுந்து நின்று கைதட்டினார். ஷெர்லி அக்கா கண்ணைத் திறக்காமலே, "அப்படித்தான் தம்பி, பாடு!" என்றார். மோசஸ் அண்ணா பூரித்துப்போய் என் அலறலுக்குத் துணையாக கீபோர்டு வாசிக்க ஆரம்பித்தார். என் பிழைப்பில் முதல்முறையாக எனக்குப் பின்னால் ஒருவர் வாசிக்கிறார். சாகிற நேரத்திலா இது நடக்க வேண்டும்!

ஞானராஜ் சார் மட்டும் கைதட்டவில்லை. துள்ளும் தோள், சொருகிய கண், விறைத்த கழுத்து. அவருக்கு இதற்கெல்லாம் ஒரே அர்த்தம்தான். ஜெபத்துக்கு நிற்கிற வழக்கப்படி செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் புல்லில் விறுவிறுவென்று வந்தார். தொடாதீங்க என்று கத்த நினைத்தேன். வாயில் வந்தது அதே "ஆஆஆவ்வ்" மட்டும்.

"அசுத்த ஆவியே, இந்தப் பிள்ளையை விட்டு..." என்று சொல்லி, என் தலையில் கையை வைத்தார்.

இப்போது இரண்டு குரல். அவருடையது என்னுடையதைவிட ஒரு ஸ்தாயி மேலே. கூட்டம் விசிலடித்தது.

டிரம்ஸ் வாசிக்கும் பீட்டருக்குத்தான் விஷயம் புரிந்தது. ஸ்டூலோடு பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். நாங்கள் இருவரும் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தோம். பின்வரிசையிலிருந்து யாரோ, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்கள்.

பிரிசில்லா ஓடிவந்தாள். யாரை முதலில் தூக்குவது என்று தெரியாமல் நடுவில் உட்கார்ந்து அழுதாள். விருந்துக்கு வந்திருந்த டாக்டர் ஒருவர் இருவர் நாடியையும் பிடித்துப் பார்த்து, "ஆண்டவர் கிருபை" என்றார். என் உதடு வடை போல வீங்கியிருந்தது. ஞானராஜ் சார் மரத்துப்போன கையைத் தேய்த்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் இப்படித்தானா தம்பி?"

"இல்ல அங்கிள். இன்னைக்குத்தான்."

"கரண்ட் அடிச்சும் கிடாரை விடலியே நீ."

"விட முடியல அங்கிள்."

அது அவர் காதில் ஏறவில்லை. மகள் பக்கம் திரும்பி, "பிடிச்சதை விடாத பையன்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று.

இப்போதும் கிறிஸ்துமஸ் காலையில் வீட்டில் எல்லோரும் வரிசையாக நிற்போம். மாமா ஒவ்வொருவர் தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். என்னிடம் வந்ததும் கை மட்டும் ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றுவிடும். என் பிள்ளைகள் கோரஸாகக் கத்துவார்கள்: "தாத்தா, மெயின் ஆஃப்!"

அதற்கப்புறம்தான் கை இறங்கும்.