நெருங்கிய உறவு

ஒரே ஒரு தமிழ் வாக்கியத்தால் ஒரு குடும்பத்தைக் கலங்கடித்தவள் நான். அதை எழுதியபோது எனக்கு இருபத்தாறு வயது. தமிழ் நன்றாகத் தெரியும் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

தஞ்சாவூரில் உளவியல் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஒருவருடைய மனம் எவ்வளவு நலமாக இருக்கிறது என்று அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவருவது என் வேலை. என் பேராசிரியர் தெளிவாகத்தான் சொன்னார்: "மொழிபெயர்த்ததும் பத்து பேர்கிட்ட தனித்தனியா வாசிச்சுக் காட்டும்மா. என்ன புரிஞ்சுதுன்னு அவங்க வாயாலயே சொல்லச் சொல்லு. அப்புறம்தான் வெளியில எடுத்துட்டுப் போகணும்."

"சரிங்க சார்" என்றேன். செய்யவில்லை. (நன்னிலத்துப் பெண் எழுதினால் நன்னிலத்துக்குப் புரியாமல் போகுமா என்கிற திமிர்.)

சம்பா நடவு முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நன்னிலம் பக்கத்தில் என் சித்தி வீட்டுக் கூடத்தில் மகளிர் குழுப் பெண்கள் இருபது பேர் கூடினார்கள். குழுத் தலைவி சித்திதான். தாளைக் கொடுத்தால் பாதிப் பேர் கண்ணாடி கொண்டுவரவில்லை. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்க வேண்டியதை, "நானே சத்தமா வாசிக்கிறேன், கை தூக்குங்க" என்று சுருக்கிவிட்டேன்.

மூன்று கேள்விகள் ஒழுங்காகப் போயின. நான்காவது, மனசுக்கு வேண்டியவர்களோடு இருக்கும் ஒட்டுதலைப் பற்றியது. அதை நான் இப்படி எழுதியிருந்தேன்: "என் நெருங்கிய உறவில் எனக்கு முழுத் திருப்தி கிடைக்கிறது."

ஓரிருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் விடவில்லை. "வெக்கப்படாம சொல்லுங்க. இதுல சரி, தப்புன்னு எதுவும் இல்ல. கொஞ்சங்கூடத் திருப்தி இல்லாதவங்க யாரு?"

ஒரே ஒரு கை உயர்ந்தது. பக்கத்து வீட்டு அமுதா அக்கா. அவருக்கு அருகிலேயே அவருடைய மாமியார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "எவ்வளவு நாளாக்கா இப்படி?" என்று கேட்டேன்.

"மூணு வருஷமாச்சு."

அமுதா அக்காவின் கணவர் சிங்கப்பூருக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது என்பது என்னைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரியும். பின்னாலிருந்து வெடித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டிருக்கும். மாமியார் எழுந்து, மருமகளைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே போனார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அமுதா அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. சித்திதான் காதோடு சொன்னார்: "புருஷன் பொண்டாட்டி சமாச்சாரத்தையாடி சபையில கேப்ப?"

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்கப் போனேன். சேதி எனக்கு முன்பே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் போனை என் கையில் திணித்தார். "எழுதுன பொண்ணு நீதானே? நீயே சொல்லு."

"அண்ணே, அது அந்த உறவு இல்லண்ணே."

"எந்த உறவு இல்ல?"

"நீங்க நினைக்கிற உறவு."

"நான் என்ன நினைக்கிறேன்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

(உளவியல் படித்தவளிடம் கேட்கிற கேள்வியா இது.)

அமுதா அக்கா போனை வாங்கினார். குரலை உயர்த்தவில்லை. "நான் எங்க அக்காவச் சொன்னேங்க. அம்மா செத்த வீட்டுல சண்ட போட்டுக்கிட்டதோட பேச்சு நின்னு போச்சு. கீழ்வேளூர் என்ன தூரமா? மூணு வருஷமா ஒரு வார்த்தை இல்ல. நெருங்குன உறவுன்னு கேட்டதும் அவ நெனப்புதான் வந்துச்சு."

மாமியார் அடுப்பைப் பார்க்கப் போனார்.

இருபது பேரில் என் கேள்வியை நான் நினைத்தபடியே புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். உண்மையான பதிலைச் சொன்னவரும் அவர்தான். வீட்டில் சமாதானம் ஆயிற்று. ஊரின் வாயைத்தான் மூட முடியவில்லை. அமுதா அக்கா மகளிர் குழுவுக்கு வருவதையே விட்டுவிட்டார். நான் அந்த வாக்கியத்தை மாற்றி, பத்து பேரிடம் வாசித்துக் காட்டி, பட்டமும் வாங்கிவிட்டேன்.

இப்போதும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் யாராவது "இவங்க நமக்கு நெருங்கின உறவு" என்று அறிமுகப்படுத்தினால் போதும், சித்தி தொடங்கிவிடுவார். என் குரலிலேயே வாசித்துக் காட்டுவார். பந்தியே சிரிக்கும், நானும் சிரிப்பேன். சித்தி சொல்கிற கதையில் கீழ்வேளூர் அக்கா மட்டும் வருவதில்லை. அதைச் சேர்த்துச் சொல்லுங்கள் என்று நானும் இதுவரை சொன்னதில்லை.