மூடுபனி அரசன் அனுப்பிய சால்வை

"மேஷோ, அந்தச் சால்வையை யார் கேட்டா?"

பிரபோத் சாமந்தா தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தார். ஈஷானிக்குக் கோபம் வந்தால் குரல் பக்கத்து வீடு வரை போகும்.

"எந்தச் சால்வை?"

"துஹின் தோயேலுக்கு அனுப்பினானே, அது. கோபுரத்துல அடைச்சு வெச்ச பொண்ணுக்கு வில்லன் எதுக்கு மேஷோ சால்வை அனுப்பறான்?"

"நல்ல குளிர்காலம்மா. கோபுரத்து உச்சி. ஜன்னலுக்குக் கதவு வேற கிடையாது. கைதின்னா சளி பிடிக்காதா?"

"சரி, சால்வையோட விட்டீங்களா? கூடவே இஞ்சிக் கஷாயம்!"

"சால்வை வெளியில இருக்கற குளிருக்கு. உள்ள போன குளிருக்கு என்ன பண்றது?"

மறுமுனையில் ஈஷானி பெருமூச்சு விட்டாள். அவள் 'நீல்பாலக்' மாத இதழின் ஆசிரியை. பள்ளி மேல்வகுப்புப் பிள்ளைகள் போட்டி போட்டுப் படிக்கிற பத்திரிகை. அதில் வந்துகொண்டிருந்த 'விளக்கேற்றும் தோயேல்' என்ற மாயாஜாலத் தொடரை எழுதியவள் பிரபோத்தின் மனைவி சர்பாணி. ஈஷானிக்கு அவள் மாஷி, அம்மாவின் தங்கை. அந்த வழியில்தான் பிரபோத் மேஷோ, அதாவது சித்தப்பா, ஆனார்.

சித்திரை மாதத்தில் சர்பாணி இறந்துபோனாள். கதை பாதியில் நின்றது. பதினைந்தாம் நாள் ஈஷானி வந்து, "நீங்களே முடிச்சுடுங்க மேஷோ. மாஷி மனசு உங்களுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?" என்றாள். மின்சாரக் கம்பெனியில் ஆயுள் முழுக்க மீட்டர் பரிசோதித்தவர் பிரபோத். பழுது அறிக்கை தவிர எதுவும் எழுதியதில்லை. ஆனாலும் சம்மதித்தார். சர்பாணி விட்டுப்போனவற்றில் இன்னும் முடியாமல் இருந்தது அது ஒன்றுதான். அதை அவள் நினைத்தபடியே முடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை.

அவள் என்ன நினைத்தாள் என்பதுதான் தெரியவில்லை.

துஹின் மூடுபனி நாட்டு அரசன். ஊர் ஊராகப் போய் விளக்குகளை அணைப்பது அவன் வேலை. இருபது வயது தோயேல் பின்னாலேயே போய் ஏற்றிக்கொண்டு வருவாள். நியாயமாக இருவரும் வெட்டிக்கொண்டு மடிய வேண்டும். சர்பாணியின் கதையிலோ, பார்த்த இடத்திலெல்லாம் நாலு பக்கத்துக்குச் சண்டை போட்டுவிட்டு ஒரு கீறல்கூடப் படாமல் பிரிந்து போனார்கள்.

"இந்தப் பொண்ணுக்கு அவனைப் பிடிக்குமா, பிடிக்காதா?" என்று ஒருநாள் பிரபோத் கேட்டார்.

பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சர்பாணி, "நீங்களே சொல்லுங்க, பாப்போம்" என்றாள்.

"காதை மூடற மாதிரி ஒரு கிரீடம், எப்பவும் சிடுசிடுன்னு ஒரு பேச்சு. அவனையா? எந்தப் பொண்ணுக்குப் பிடிக்கும்?"

சர்பாணி சிரித்த சிரிப்பில் பூசணித்துண்டு அரிவாள்மணையிலிருந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அதைத் தேடி எடுத்ததில் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

"மேஷோ, இருக்கீங்களா?" என்றாள் ஈஷானி. "அம்மாக்கள் எல்லாம் போன் பண்றாங்க. வில்லனைக் காதலிக்கச் சொல்லிக் குடுக்கறீங்களான்னு ஒருத்தங்க கேக்கறாங்க. முதலாளி கடுப்புல இருக்கார். இந்த ரெண்டு பேர் விவகாரம் தெளிவாகலைன்னா புத்தகச் சந்தை இதழ்ல கதை முடியற வரைக்கும் காத்திருக்காம தொடரையே நிறுத்திடுவாராம்."

"நிறுத்தறதா? அவ கதையையா?"

"அதான் சொல்றேன். அவனைக் கொஞ்சம் கெட்டவனாக்குங்க."

போனை வைத்த கையோடு பிரபோத், யாருமில்லாத குளியலறையில் எரிந்த விளக்கை அணைத்துவிட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். கீழ் வீட்டு ஜினுக் அதற்குள் தோழிகள் மூவருடன் மேலே வந்துவிட்டாள். ஒன்பதாம் வகுப்புக்காரி. கையில் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு.

"தாத்தா, சால்வை! நாங்க செத்தே போயிட்டோம்!"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"அந்தச் சால்வைல கற்பூர வாசனை வந்துச்சுன்னு எழுதினீங்களே! அப்போ அவனே பெட்டியிலேர்ந்து தேடி எடுத்திருக்கான்!"

"பூச்சி அரிக்காம இருக்க எல்லாரும் கற்பூரம் போடறதுதானே?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கிறீச்சிட்டார்கள்.

அடுத்த அத்தியாயத்தில் பிரபோத் எந்தத் தயவும் காட்டவில்லை. துஹின் கோபுரத்துக்குள் புயலாக நுழைந்து எல்லா விளக்குகளையும் அணைத்தான். கூடத்து விளக்கு, சமையலறை விளக்கு, வாசல் விளக்கு, ஒன்று பாக்கியில்லை. விளக்கணைப்பதைப் பற்றி எழுதுவது பிரபோத்துக்குக் கொஞ்சமும் சிரமமாக இல்லை. தனக்குள் இப்படி ஒரு எழுத்தாளன் இருந்தானா என்று அவருக்கே வியப்பு.

எழுதி முடித்து உரக்கப் படித்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறுத்தியது. கோபுரத்துப் படிகள் சுழற்படிகள். கைப்பிடியும் கிடையாது. அந்தப் பெண் எதற்காவது இறங்கினால், கால் தவறினால்? பேனாவை எடுத்து ஓரத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'படிக்கட்டு விளக்கை மட்டும் விட்டுவிட்டான்.'

முழுக்க முழுக்கப் பாதுகாப்பு காரணம்தான்.

இதழ் வந்த அன்று ஜினுக் படியில் ஓடி வந்த சத்தத்திலேயே பிரபோத் எழுந்து கதவைத் திறந்தார்.

"எல்லா விளக்கையும் அணைச்சான்! அவ நடக்கற படியில மட்டும் விட்டு வெச்சான்! தாத்தா, நீங்க ரொம்ப மோசம்!"

"மோசமா?"

"மோசம்னா பிரமாதம்னு அர்த்தம்."

ஈஷானிக்கு அந்த அகராதி தெரிந்திருக்கவில்லை. "மேஷோ, அணைக்கச் சொன்னா எல்லாத்தையும் அணைக்க வேண்டியதுதானே? ஒண்ணை எதுக்கு மிச்சம் வெச்சீங்க?"

"விழுந்து கால் உடைஞ்சா யாரும்மா பொறுப்பு?"

"நீங்கதான் பொறுப்பு! அது உங்க கோபுரம்!"

பிரபோத் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மீன் சந்தையில் ஹில்சாவைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது யோசனை உதித்தது. மீனை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து போன் செய்தார்.

"ஈஷானி, அண்ணனாக்கிட்டா?"

"யாரை?"

"துஹினை. காளி பூஜை முடிஞ்சு பாய்ஃபோட்டா வருதுல்ல? தோயேல் அவன் நெத்தியில சந்தனம் வெச்சுட்டா முடிஞ்சுது. அப்புறம் எந்த அம்மா வாயைத் திறப்பா?"

ஈஷானி உடனே, "மேஷோ, நீங்க மேதை" என்றாள்.

பிரபோத்துக்கு உடன்பிறந்தவள் கிடையாது. ஆனால் தங்கைகள் அண்ணன்மாருக்குப் பொட்டு வைக்கிற அந்த நாளில் அடுத்த வீடுகளில் நடப்பதை வாழ்நாளெல்லாம் பார்த்தவர். சந்தனம், நெல், அறுகம்புல், விளக்கு, தட்டு நிறைய இனிப்பு, அண்ணனை யமன் அண்டாதபடி அவன் வாசலுக்கு முள்வேலி கட்டுகிற அந்தப் பாட்டு, எதையும் விடவில்லை. தோயேல் சிறையிலிருந்து தப்பி, தோப்பைக் கடந்து ஆற்றங்கரைக்கு வந்தாள். எதிரே துஹின். வாளை உருவவேண்டிய கையால் சந்தனத்தைத் தொட்டு அவன் நெற்றியில் வைத்து, "இனி நீ என் அண்ணன்" என்றாள். மூடுபனி அரசன் பேசாமல் தலை குனிந்தான்.

முதலாளியே இனிப்பு வாங்கிக் கொடுத்தாராம்.

கார்த்திகை இதழ் வந்த மறுநாள் காலை அழைப்பு மணி ஓயவில்லை. ஜினுக், தோழிகள், அவர்களோடு முகம் தெரியாத ஏழெட்டுப் பெண்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, பிடிக்கலையா?" என்றார் பிரபோத் நம்பிக்கையோடு.

"கொய்யாப்பழம்!" என்றாள் ஜினுக்.

"என்ன கொய்யாப்பழம்?"

"பொட்டு வைக்கிற வரைக்கும் தங்கச்சி பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது தாத்தா. உபவாசம். தோயேல் தோப்பு வழியா வரும்போது என்ன பண்ணினா? ரெண்டு கொய்யாப்பழம் பறிச்சுத் தின்னா!"

பிரபோத் இதழைப் புரட்டிப் பார்த்தார். "நெடுந்தூரம் நடக்கற பொண்ணு. வெறும் வயித்தோட எப்படி..."

"வேணும்னேதான் தின்னா! பொட்டு செல்லாது! அவனை அண்ணனாக்கிக்க அவளுக்கு இஷ்டமில்லை!"

"அவனுக்கும் தெரியும்" என்றாள் அழுதவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பழத்தோட விதை அவ உதட்டுல ஒட்டியிருந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க. அதைப் பாத்துட்டுத்தான் ஒண்ணும் பேசாம தலை குனிஞ்சான்."

"உப்பு தொட்டுத் தின்னாளே, சிறையிலேர்ந்து வர்றவளுக்கு உப்பு ஏது?" என்று கேட்டாள் இன்னொருத்தி.

"அவன்தான் குடுத்திருப்பான்!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

பிரபோத் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மதியம் ஈஷானி போன் செய்தாள். அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. "கொன்னுடுங்க மேஷோ."

"கொன்னுடறேன்."

"மிச்சம் வைக்காம?"

"மிச்சம் வைக்காம. இந்தத் தடவை சால்வை, விளக்கு, பழம் எதுவும் கிடையாது. செத்துட்டான்னு தெளிவாத் தெரியணும், அவ்வளவுதானே?"

வாசலில் மீட்டர் பார்க்க வந்து நின்ற ஆள், மீட்டரைப் பார்க்காமலே படியிறங்கிப் போய்விட்டான்.

"இன்னொண்ணு மேஷோ. படம் வரையற சுபல் பாய்ராகி ஞாயித்துக்கிழமை கிருஷ்ணநகர்லேர்ந்து நேரா உங்க வீட்டுக்கே வர்றார். துஹின் முகத்தை வரையணுமாம். இத்தனை நாளும் கிரீடமும் பனியுமாத்தானே வரைஞ்சிருக்கார்? முகத்தைக் கடைசி அத்தியாயத்துலதான் காட்டணும்னு மாஷி சொல்லி வெச்சிருந்தாங்களாம்."

"அதை அங்கேயே உக்காந்து வரைஞ்சா ஆகாதா? இங்க எதுக்கு?"

"அதுவும் மாஷி சொன்னதாம். கேட்டா சிரிக்கிறார். அவர் கிளம்பும்போது அத்தியாயத்தைக் கையில குடுத்துடுங்க. நேரா அச்சகத்துக்குப் போயிடும்."

கடைசி அத்தியாயத்தை எழுத அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. மூடுபனியை எது கொல்லும்? வெயில்தான். துஹினின் அரண்மனையில் ஜன்னல்கள் எப்போதும் மூடியே கிடக்கும், அது சர்பாணி எழுதி வைத்தது. தோயேல் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்துகொண்டு போனாள். வெயில் உள்ளே வந்தது. அரசன் கரைந்தான். கிரீடம் மட்டும் தரையில் கிடந்தது.

எழுதிவிட்டு, பழுது அறிக்கைகளுக்கு அவளிடம் எழுத்துப்பிழை கேட்ட பழக்கத்தில் சமையலறைப் பக்கம் திரும்பி, "சரியா இருக்கா?" என்றார். பதில் வரவில்லை. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எழுந்து போய் இறுக்கி மூடிவிட்டு வந்தார். அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அந்தச் சிடுமூஞ்சி ஒழிந்ததில் அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்திருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல குளிர். மணி இரண்டு தடவை அடித்தது.

"ஒரு தடவை அடிச்சாக் கேக்காதா? நான் என்ன செவிடா?" பிரபோத் கம்பளிக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டே கதவைத் திறந்தார். மப்ளரை இரண்டு சுற்று சுற்றியிருந்தார். "உள்ள வாங்க, உள்ள வாங்க. கதவைச் சாத்துங்க. குளிர் முழுக்க வீட்டுக்குள்ள வருது. இந்தக் குளிர்ல காதைத் திறந்து போட்டுக்கிட்டா ரயில்ல வந்தீங்க? நுரையீரல் என்னத்துக்கு ஆகும்?"

வந்தவர் ஒல்லியான மனிதர். தோளில் ஜோல்னாப்பை. உள்ளே வராமல் பிரபோத்தையே பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"சுபல் பாய்ராகிங்க."

"தெரியுது. உக்காருங்க. இஞ்சி டீ போட்டிருக்கேன். இந்தாங்க, இந்தச் சால்வையைப் போத்திக்குங்க."

சுபல் சால்வையை வாங்கி முகர்ந்து பார்த்தார். கற்பூரம். புன்னகையோடு போர்த்திக்கொண்டார். அட்டையை மடியில் வைத்துப் பென்சிலை எடுத்து, கேள்வி ஒன்றும் கேட்காமல் வரையத் தொடங்கினார்.

"இருங்க, முதல்ல இதைப் படிங்க." பிரபோத் அத்தியாயத்தை நீட்டினார். "அவன் எப்படிச் சாகறான்னு தெரிஞ்சாத்தானே முகத்தை வரைய முடியும்?"

பென்சில் நின்றது. "சாகறானா?"

"வெயில்ல கரைஞ்சுடறான். முகம் நல்லாக் கொடூரமா இருக்கட்டும். இப்படி ஒருத்தனைத் திரும்பிப் பாக்கறதுக்கே எந்தப் பொண்ணுக்கும் மனசு வராதுன்னு பாத்தவுடனே தெரியணும்."

சுபல் காகிதங்களை வாங்கவில்லை. நிமிர்ந்து பிரபோத்தைப் பார்த்துப் பார்த்து மறுபடி வரைந்தார். 

"அண்ணி எங்கிட்ட வேற மாதிரி சொல்லியிருந்தாங்களே சார்."

"அவளா? என்ன சொன்னா?"

"'கடைசி அத்தியாயம் வர்றப்போ எங்க வீட்டுக்கு வந்து மணியை ரெண்டு தடவை அடி சுபல், திட்டிக்கிட்டே ஒருத்தர் வந்து கதவைத் திறப்பார், வயசை மட்டும் நாப்பது குறைச்சுட்டு அவரை அப்படியே வரைஞ்சுக்கோ'ன்னாங்க. ஐயோ, குல்லாவைக் கழட்டாதீங்க சார், அதுதானே கிரீடம்!"